வேதப்பகுதியை விளக்கிப் பிரசங்கிப்பது எப்படி? திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வழிகாட்டி

ஒரு வேதப்பகுதி என்ன சொல்கிறதோ அதையே பிரசங்கத்தின் பொருளாக எடுத்து, அந்தப் பகுதி போகும் வழியிலேயே சபையையும் கூட்டிக்கொண்டு போவதுதான் விளக்கப் பிரசங்கம். வசனத்துக்கு வசனம் பொருள் சொல்லிக்கொண்டு போவது வேதபாடம். அதற்கு வேறு வேளை இருக்கிறது. முதலில் ஒரு கருத்தை முடிவுசெய்துவிட்டு, பிறகு அதற்கு வசனம் தேடுவதும் விளக்கப் பிரசங்கம் ஆகாது.

இதன் அவசியத்தை டிசம்பர் 31 இரவு ஆராதனையில் பார்க்கலாம். கர்த்தர் தம் ஜனத்தின்மேல் நினைத்திருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்று சொல்லும் எரேமியா 29:11, வருடத்தின் வாக்குத்தத்தமாக அட்டையில் அச்சிட்டு அடிக்கடி கொடுக்கப்படுகிறது. அந்த அட்டை வீட்டுச் சுவரில் ஆண்டுமுழுக்கத் தொங்கும். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் வசனங்களைப் பிரசங்கமாகக் கேட்டவர்கள் குறைவு. சுற்றியிருப்பது தெரியாதபோது கேட்பவர் மனதில் உள்ளதெல்லாம் வசனத்தின் பொருளாகிவிடும்: விசா வரும், காணி விடுபடும், மகன் திரும்பி வருவான். அது நடக்காமல் போனால் பிரசங்கியாரை யாரும் கேட்பதில்லை. கர்த்தர் சொல் தவறியதாகத்தான் மனம் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதற்கும் எரேமியா 29:1–14 ஐயே உதாரணமாக எடுத்திருக்கிறோம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. மாதத்துக்கு ஒருமுறை பிரசங்கிக்கக் கேட்கப்படும் மூப்பர்கள், வாலிபர் சங்கத்தவர்கள், ஓய்வுநாட் பாடசாலை ஆசிரியர்கள், புதிதாக ஊழியத்துக்கு வந்தவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதப்பட்டது. வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

முதலாவது, பகுதி மட்டும் அச்சிட்ட தாள். வசன எண்களையும் உபதலைப்புகளையும் எடுத்துவிட்டு, வரிகளுக்கு இடையில் நல்ல இடம்விட்டுத் தட்டச்சுச் செய்து, பக்கத்துக் கொமினிக்கேசன் கடையில் ஒரு பிரதி எடுங்கள். வசன எண்கள் பின்னாளில் சேர்க்கப்பட்டவை. அவை வாக்கியத்தை நடுவில் முறிப்பதால், ஓட்டத்தைக் கண் தவறவிடுகிறது. உபதலைப்புகளோ நீங்கள் கண்டுபிடிக்கவேண்டியதை முன்னதாகவே சொல்லிவிடும்.

இரண்டாவது, இரண்டு மொழிபெயர்ப்புகள். சபையார் கையில் இருப்பது பெரும்பாலும் பழைய திருப்புதல். அதோடு பொது மொழிபெயர்ப்பையோ வேறொரு புதிய மொழிபெயர்ப்பையோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறுபடும் இடத்தில் ஆராயவேண்டிய ஏதோ இருக்கிறது என்று பொருள். வசதியான வரியைப் பொறுக்கி எடுப்பதற்கு இரண்டாவது மொழிபெயர்ப்பு தேவையில்லை.

மூன்றாவது, ஒரு கொப்பியும் மூன்று நிறப் பேனைகளும். நான்காவது, ஒரு வேதாகம அகராதியும் ஒரு விளக்கவுரையும். விளக்கவுரை புதன்கிழமை பிற்பகல்வரை மூடியே இருக்கட்டும்.

நேரம்: 25 நிமிடப் பிரசங்கத்துக்குப் புதியவருக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலம் வேண்டும். அதை ஒரே நாளில் செலவழிக்காமல் திங்கள் முதல் சனிவரை பிரியுங்கள். இடையில் சைக்கிள் ஓட்டும்போதும் வரிசையில் நிற்கும்போதும் பகுதி மனதில் ஊறும். சனி இரவு ஒரே மூச்சில் செய்தால் அது கிடைக்காது. சனி பின்னேரம்தான் கேட்டார்கள் என்றால் ஆறேழு வசனமுள்ள ஒரு சங்கீதத்தை எடுங்கள். எரேமியாவைத் தொடவேண்டாம்.

ஜெபத்தை இங்கே தனிப் படியாக எண்ணிடவில்லை. அப்படி எண்ணிட்டால் அது முடித்துவிட்டு நகரும் வேலையாகிவிடுகிறது. ஒவ்வொரு படியிலும், அன்றைக்கு வாசித்த வசனத்தின் சொற்களைக்கொண்டே ஜெபியுங்கள்.

2. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது

தென்னிந்திய திருச்சபை, மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில், அந்தந்த ஞாயிறு வாசிக்கவேண்டிய பகுதிகளைக் குறிக்கும் பாட அட்டவணை இருக்கும். பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம் என்று வரும் பாடங்களில் ஒன்றை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரு கயிற்றில் கட்ட முயன்றால், எந்தப் பாடமும் சொல்லாத நாலாவது கருத்து ஒன்று பிறக்கும். அட்டவணை இல்லாத சபைகளில் ஒரு புத்தகத்தைத் தெரிந்துகொண்டு அதன் தொடக்கத்திலிருந்து போவது நல்லது.

எல்லையைக் காட்டும் அடையாளங்கள்: பேசுபவர் மாறுவது, இடமோ காலமோ மாறுவது, யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பது மாறுவது. சம்பவமானால் காட்சி முழுவதையும் எடுங்கள். நிருபமானால் ஒரு பந்தி, அதாவது ஏறத்தாழ 6 முதல் 12 வசனம் போதும். சங்கீதமானால் முழுவதும். சங்கீதம் 119 மட்டும் எட்டு எட்டு வசனமாக 22 பகுதிகளாகத் தானே பிரிந்து கிடக்கிறது.

நமது பகுதியில் 1–3 கடிதத்தின் முகவரி. கடிதம் 4 இல் தொடங்குகிறது. 14 இல் திரும்பி வருவதைப் பற்றிய வாக்கு முடிகிறது. 15 இலிருந்து பாபிலோனிலுள்ள தீர்க்கதரிசிகளைப் பற்றிய வேறு பேச்சு. எனவே 1–14. 11 ஐ மட்டும் எடுப்பதோ 10–14 ஐ மட்டும் எடுப்பதோ ஏன் பிழை? 10 இல் வரும் எழுபது வருடம், 8–9 இல் சொல்லப்படும் பொய்த் தீர்க்கதரிசிகளுக்குக் கொடுக்கும் பதில். கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலைப் பிரசங்கிக்க முடியாது.

பிரசங்கம் 14 இல் முடிந்தாலும் வாசிப்பு அதிகாரத்தின் முடிவுவரை, அதாவது 32 வரை போகவேண்டும். அதன் பயன் ஐந்தாம் படியில் வரும்.

3. விளக்கவுரையைத் திறக்குமுன் வாசியுங்கள்

புதியவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். காரணம் சோம்பல் இல்லை, அவசரம். பகுதி தெரிந்ததுதானே என்று நேராக விளக்கவுரைக்கோ யூரியூப்பில் யாரோ ஒருவரின் பிரசங்கத்துக்கோ போய்விடுகிறார்கள். இன்னொருவரின் தலைப்புகளைக் கேட்டபிறகு உங்கள் கண்ணுக்கு அந்தத் தலைப்புகள் மட்டுமே தெரியும். பிறகு எத்தனை தரம் வாசித்தாலும் புதிதாக ஒன்றும் பிடிபடாது.

திங்களும் செவ்வாயும் பகுதியைச் சத்தமாகப் பத்துத் தரமாவது வாசியுங்கள். பிறகு பேனைகளை எடுங்கள். கட்டளைகளுக்கு ஒரு நிறம், வாக்குகளுக்கு ஒரு நிறம், காரணங்களுக்கும் இணைப்புச் சொற்களுக்கும் ஒரு நிறம்.

நமது தாளில் உடனே ஒன்று தெரியும். 5 முதல் 8 வரை கட்டளைகள் நெருக்கமாக நிற்கின்றன: வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் நாட்டுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், விவாகம்பண்ணுங்கள், பெருகுங்கள், பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள், மோசம்போகாதிருங்கள். 10 முதல் 14 வரையோ ஒரு கட்டளைகூட இல்லை. அங்கே பேசப்படுவதெல்லாம் கர்த்தர் செய்யப்போவதும், அப்போது ஜனங்கள் செய்யப்போவதும். ஆகவே 13 ஆம் வசனத்தை “நீங்கள் முழு இருதயத்தோடு தேடாததால்தான் கிடைக்கவில்லை” என்று சபையை அதட்டப் பயன்படுத்தும் பிரசங்கி, வாக்கைக் கட்டளையாக மாற்றிவிட்டார். 12 இன் தொடக்கத்திலுள்ள ‘அப்பொழுது’ என்ற சொல்லையும் வட்டமிடுங்கள். எப்பொழுது? எழுபது வருடம் முடிந்தபின்.

அடுத்து, ஒன்றுக்கொன்று உரசும் இடங்களைத் தேடுங்கள். 1 ஆம் வசனம் ஜனங்களைச் சிறைபிடித்துப்போனவன் பாபிலோன் ராஜாவான நேபுகாத்நேச்சார் என்கிறது. 4 இல் கர்த்தர் அதைத் தாம் செய்ததாகச் சொல்கிறார். 7 இலும் 14 இலும் அதையே திரும்பச் சொல்கிறார். மூன்று தரம் சொல்லப்பட்ட ஒன்றைப் பிரசங்கம் தாண்டிப்போக முடியாது.

திரும்பத் திரும்ப வரும் சொற்களையும் குறியுங்கள். 7 இல் ஜனங்கள் தேடவேண்டியது பட்டணத்தின் சமாதானம். 11 இல் கர்த்தருடைய நினைவுகளும் சமாதானத்துக்கேதுவானவை. பட்டணத்துக்கு அவர்கள் தேடவேண்டியதும் அவர்களுக்குக் கர்த்தர் நினைத்திருப்பதும் ஒரே சொல்லில் நிற்கின்றன. வசனம் 11 ஐத் தனியே பிடுங்கினால் இது தெரியாது.

இறுதியாகக் கொப்பியில் இருபது கேள்விகள் எழுதுங்கள். ஏன் விவாகத்தைப் பற்றி இவ்வளவு? பகைவனின் பட்டணத்துக்கு ஏன் ஜெபிக்கவேண்டும்? ஏன் எழுபது? பதில் தெரியாத கேள்விகளே நல்ல கேள்விகள். உங்களுக்கு எழுந்த கேள்வி ஞாயிறு காலை இருக்கையிலுள்ளவருக்கும் எழும்.

4. பின்னணி: இரண்டு கேள்விகள் போதும்

கடிதத்தைப் பெற்றவர்களுக்கு என்ன நடந்திருந்தது? அதே வேளையில் வேறு யாரிடமிருந்து என்ன கேட்டுக்கொண்டிருந்தார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தேடுங்கள். முதலில் வேதாகமத்துக்குள்ளேயே தேடுங்கள். கிடைக்காதபோது மட்டும் அகராதிக்குப் போங்கள்.

முதல் கேள்விக்கு 2 இராஜாக்கள் 24:10–17. கி.மு. 597 இல் ராஜாவும் அவன் தாயும் பிரபுக்களும் தொழிலாளரும் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆனால் எருசலேமும் ஆலயமும் இன்னும் நிற்கின்றன, சிதேக்கியா ஆளுகிறான். திரும்பிப்போக ஊர் இருக்கிறது என்பதால், நாளைக்கே போய்விடலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு இயல்பு.

இரண்டாவதற்கு எரேமியா 28. இரண்டு வருடத்துக்குள் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று, கர்த்தரின் பெயரால் அறிவித்தான். எரேமியா எழுதியதோ எழுபது. இருபது வயதில் சிறைப்பட்டவர் திரும்பும் நாளில் தொண்ணூறு வயதை நெருங்கியிருப்பார். அதாவது இந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் அநேகமாக ஒருவரும் அந்த நாளைக் காணப்போவதில்லை. 11 ஆம் வசனத்தின் இனிய வார்த்தைகள் அவர்களுக்கே முதலில் சொல்லப்பட்டவை.

பிரசங்கத்தில் பின்னணிக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். பாபிலோனின் மதில் எத்தனை முழம், தொங்குதோட்டம் எப்படி இருந்தது என்பதெல்லாம் சுவையானவைதான். எரேமியாவின் கடிதத்துக்கு அவை தேவைப்படவில்லை.

5. பகுதி சொல்வதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

முழு வேலையின் முதுகெலும்பு இதுதான். புதன்கிழமையை முழுதாக இதற்குக் கொடுங்கள். வாக்கியம் கிடைக்கும்வரை அடுத்த படிக்குப் போகவேண்டாம். இங்கே மங்கலாக விட்டதைப் பிரசங்க பீடத்தில் சத்தத்தால் நிரப்பவேண்டி வரும்.

இரண்டு கேள்விகளால் வாக்கியத்தைக் கட்டுங்கள். பகுதி எதைப் பற்றிப் பேசுகிறது? அதைப் பற்றி என்ன சொல்கிறது?

“சிறையிருப்பில் நம்பிக்கை” என்று எழுதினால் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் கிடைத்திருக்கிறது. அது தலைப்பு, வாக்கியம் ஆகவில்லை. “தேவனுடைய நினைவுகள் நல்லவை” என்பது வாக்கியம்தான், உண்மையும்கூட. ஆனால் அதை இன்னும் பல பகுதிகளிலிருந்து சொல்லலாம். இந்தப் பகுதிக்கு மட்டுமே உரிய வீடு, தோட்டம், எழுபது வருடம் எதற்கும் அதில் இடமில்லை.

இப்படி வரலாம்: “கர்த்தர் தாம் குறித்த காலத்தில் நிச்சயமாக மீட்பார், அதுவரை அவர் வைத்த ஊரில் வேரூன்றி, அதன் சமாதானத்தைத் தேடி வாழுங்கள்.”

எழுதியதை மூன்று விதமாகச் சோதியுங்கள். பகுதியின் ஒவ்வொரு வசனத்துக்கும் அதில் இடம் இருக்கிறதா? பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருதரம் கேட்டுத் திருப்பிச் சொல்லுமா? முதலில் கேட்டவர்கள் “ஆம், இதைத்தான் சொன்னார்” என்பார்களா?

மூன்றாவது சோதனைக்கு இந்த அதிகாரத்திலேயே சாட்சி உண்டு. 28 ஆம் வசனத்தைப் பாருங்கள். செமாயா என்பவன் இந்தக் கடிதத்தைப் பற்றி எருசலேமுக்கு முறைப்பாடு எழுதுகிறான். அவன் கடிதத்தைச் சுருக்கும் விதம்: இது நெடுங்காலம் இருக்குமாம், வீடு கட்டித் தோட்டம் நாட்டச் சொல்கிறான். எரேமியாவை வெறுத்தவனே கடிதத்தின் குறிப்பைச் சரியாகப் பிடித்திருக்கிறான். நல்ல நினைவுகள் என்ற பகுதியை அவன் குறிப்பிடவே இல்லை. அவனைக் குத்தியது நெடுங்காலம் என்ற சொல். நாமோ அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அட்டையில் அடிக்கிறோம்.

இப்போது விளக்கவுரையைத் திறக்கலாம். உங்கள் வாக்கியத்தை அது திருத்தினால், காரணம் பகுதியில் இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

6. கிறிஸ்துவிடம் போகும் வழி

கடைசி ஒரு நிமிடத்தில் எரேமியாவிலிருந்து சிலுவைக்குத் தாவுவது வழக்கமாகிவிட்டது. அதைவிட வேதாகமமே போட்ட பாதையில் போங்கள். எஸ்றா 1:1 எரேமியாவின் வார்த்தை நிறைவேறியதைக் கூறுகிறது. புதிய ஏற்பாட்டில் 1 பேதுரு விசுவாசிகளைப் பரதேசிகள் என்று அழைத்து (1:1, 2:11), அவர்களுடைய நம்பிக்கையை இயேசுவின் உயிர்த்தெழுதலில் ஊன்றுகிறது (1:3). ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லும் 1 தீமோத்தேயு 2:1–2 நமது பகுதியின் 7 ஆம் வசனத்துக்கு அருகில் நிற்கிறது. இந்த மூன்றும் போதும்.

செய்யக்கூடாதது: தோட்டத்தின் கனியை ஆவியின் கனியாக்குவது, எழுபதைக் கூட்டிக் கழித்து இரகசியம் காண்பது. சபையார் வியந்து பார்ப்பார்கள். ஆனால் வீட்டுக்குப் போய் வேதாகமத்தைத் திறந்து அதைத் தாமாகக் கண்டுபிடிக்க முடியாது. கேட்பவர் தன் வேதாகமத்தில் சரிபார்க்கக்கூடியதை மட்டும் சொல்வதே விளக்கப் பிரசங்கத்தின் ஒழுங்கு.

7. சட்டகம்

பகுதியில் எத்தனை திருப்பங்கள் உண்டோ அத்தனை தலைப்புகள். மூன்றுதான் வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை. எதுகை மோனையும் தேவையில்லை. “பாடு, பாதை, பரிசு” என்று அடுக்க ஆசைப்பட்டால் முதல் இரண்டு சொற்கள் பகுதியிலிருந்து வரும். மூன்றாவது சொல் ஓசைக்காக வந்து பகுதியை வளைக்கும். தலைப்பு முழு வாக்கியமாக இருக்கட்டும், வசன எல்லையோடு.

வசனம் 1–4: உங்களை இங்கே கொண்டுவந்தவர் கர்த்தர். (4 நிமிடம்)
வசனம் 5–7: ஆகவே இங்கே வேரூன்றி, இந்த ஊருக்கு நன்மை தேடுங்கள். (7 நிமிடம்)
வசனம் 8–9: குறுக்குவழி காட்டுகிறவர்களை நம்பாதேயுங்கள். (4 நிமிடம்)
வசனம் 10–14: காலம் நீண்டது, வாக்கோ உறுதியானது. (8 நிமிடம்)

முன்னுரைக்கு 2 நிமிடம், மொத்தம் 25. பின்னணியின் மூன்று நிமிடமும் முதல் தலைப்புக்குள் அடங்கவேண்டும். நிமிடங்களை இப்போதே குறிப்பது எதற்கு என்றால், புதியவர்கள் முதல் தலைப்பில் 12 நிமிடம் நின்றுவிட்டு, பகுதியின் உச்சியான கடைசித் தலைப்பை மூன்று நிமிடத்தில் ஓடிக் கடப்பார்கள்.

8. நமது சபைக்கு எப்படிப் பொருந்தும்

இங்கே நிதானம் வேண்டும். முதலில், கடிதத்தைப் பெற்றவர்களுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடுகளை ஒரு பக்கத்தில் எழுதுங்கள், பிறகு ஒற்றுமைகளை. வேறுபாடுகளை எழுதாமல் ஒற்றுமைக்குப் போனவர்தான் வழி தவறுவார். இந்தப் பகுதி யாழ்ப்பாணத்தில் எளிதாகப் பொருந்துவதுபோலத் தோன்றும், ஆபத்தும் அதனால்தான். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் வெளியேறியவர்களும், 1995 இடப்பெயர்வில் நடந்து போனவர்களும், வன்னியில் எல்லாவற்றையும் இழந்து 2009 இல் மிஞ்சியவர்களும் அதே இருக்கைகளில் இருக்கிறார்கள்.

முதல் ஆபத்து 4 ஆம் வசனத்தில். யூதாவின் சிறையிருப்பு உடன்படிக்கையை மீறியதன் தண்டனை என்று கர்த்தர் தம் தீர்க்கதரிசிகள்மூலம் விளக்கினார். நமது இடப்பெயர்வுகளுக்கு அப்படி ஒரு விளக்கம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. எனவே “எங்கள் பாவத்தால்தான் இது வந்தது” என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்ல இந்தப் பகுதி அனுமதி தராது. எந்த ஊரில் இருந்தாலும் கர்த்தருடைய ஆளுகைக்கு வெளியே இல்லை என்பதுவரை சொல்லலாம்.

இரண்டாவது ஆபத்து 10–14 இல். அந்த ஜனத்துக்கு, அந்தத் தேசத்துக்கு, அந்தக் காலக்கணக்கோடு கொடுத்த வாக்கு அது. நமது காணி உறுதிக்கு அது பத்திரம் ஆகாது. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் தாய் முன்வரிசையில் இருக்கும்போது “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை” அவர் தருவார் என்று மட்டும் வாசித்துவிட்டு இறங்குவது கொடுமை. கர்த்தர் தம் வார்த்தையை எழுபது வருடம் மறக்கவில்லை என்பதையும், உயிர்த்தெழுதலின் நம்பிக்கை மரணத்தோடு முடியாது என்பதையும் அவருக்குச் சொல்லலாம். மகன் வருவான் என்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. அப்படிச் சொன்னால் நாம் நிற்பது எரேமியாவின் இடத்தில் இல்லை, அனனியாவின் இடத்தில்.

மூன்றாவது, 7 ஆம் வசனத்தை “வாயை மூடிக்கொண்டு இருங்கள்” என்று பொருள்படுத்துவது. அநியாயத்தைப் பார்த்து எரேமியா மௌனமாக இருந்தவரில்லை. பட்டணத்தின் நன்மையைத் தேடுவதும் அநீதியைச் சொல்வதும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன.

இவற்றைத் தாண்டியபின், சபையில் உள்ளவர்களைப் போன்ற ஐந்து பேரை மனதில் வைத்து, ஒவ்வொருவருக்கும் பகுதி சொல்லும் ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். உயர்தரப் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் மாணவி. கனடா போகும் நினைப்பில் இங்கே எதையும் தொடங்காமல் நாட்களைக் கடத்தும் இளைஞர். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில், தனியே இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. முப்பது வருடத்துக்குப் பிறகு கூரையில்லாத வீட்டுக்குத் திரும்பியவர். நுண்கடனில் சிக்கியவர். இந்த ஐவரில் இரண்டாமவரைத்தான் 5–6 நேராகப் பிடிக்கிறது: போவதற்கு முன்னும் இந்த இடம் கர்த்தர் வைத்த இடம்தான், இங்கே நாட்டவேண்டியதை நாட்டலாம். கடனில் சிக்கியவருக்கு 8–9 பேசக்கூடும். விரைவான வழி காட்டுகிறவர்கள் அவரைத்தான் முதலில் தேடி வருவார்கள். மற்ற ஒருவருக்குப் பகுதி நேராக ஒன்றும் சொல்லவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வலிந்து இழுக்கவேண்டாம், இன்னொரு ஞாயிறு இன்னொரு பகுதி அவருக்குப் பேசும்.

செய்யச் சொல்வது கைக்கு எட்டுவதாக இருக்கட்டும். “ஊரின் சமாதானத்தைத் தேடுவோம்” என்று முடித்தால் யாரும் எதுவும் செய்யமாட்டார்கள். மாநகர சபைக்காகவும் போதனா வைத்தியசாலையில் வேலைசெய்பவர்களுக்காகவும் அடுத்த ஜெபக்கூட்டத்தில் பெயர் குறித்து ஜெபிப்பது, ஒழுங்கையில் உள்ள சைவ அயலவருக்கு என்ன தேவை என்று கேட்டுச் செய்வது என்று சொல்லலாம்.

9. முன்னுரையும் உதாரணங்களும்

முன்னுரையை வெள்ளிக்கிழமை, கடைசியாக எழுதுங்கள். எந்த வீட்டுக்கு வாசல் என்று தெரியாமல் வாசல் வைக்க முடியாது. பகுதி பதில் சொல்லும் கேள்வியை இரண்டு நிமிடத்துக்குள் எழுப்பினால் போதும். இங்கே அந்தக் கேள்வி: “இன்னும் எவ்வளவு காலம், அதுவரை என்ன செய்வது?”

உதாரணம் தலைப்புக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். வீட்டுச் சந்திப்பில் கேட்டதை, பெயர் சொல்லாமலும்கூட, உதாரணமாக்கக்கூடாது. நம் ஊர் சிறியது. “ஒரு சகோதரி” என்று தொடங்கினாலே யாரென்று தெரிந்துவிடும், அதன்பிறகு உங்களிடம் யாரும் மனம் திறக்கமாட்டார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பிரபலங்களின் கதைகளையும் தவிருங்கள். ஒன்று பொய்யென்று தெரிந்தால், மிச்சப் பிரசங்கத்தையும் வாலிபர்கள் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

10. எழுதி, வாசித்து, வெட்டுதல்

முதல் இரண்டு மூன்று வருடங்களுக்கு முழுப் பிரசங்கத்தையும் எழுதுங்கள். எழுதும்போதுதான் ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும் பாலம் இல்லாதது தெரியவரும். பிறகு அதை ஒரு பக்கக் குறிப்பாகச் சுருக்கி, பெரிய எழுத்தில் எழுதி, அதைமட்டும் மேடைக்குக் கொண்டுபோங்கள்.

சனிக்கிழமை எழுந்து நின்று சத்தமாகப் பேசி, போனில் பதிவுசெய்யுங்கள். 25 நிமிடத்தைத் தாண்டினால் இந்த வரிசையில் வெட்டுங்கள்: முதலில் பின்னணி, அடுத்து உதாரணங்கள், அடுத்து ஒத்தவாக்கியங்கள். பகுதியின் விளக்கத்தில் கை வைக்கவேண்டாம். புதியவர்கள் பெரும்பாலும் எதிர்மாறாகச் செய்கிறார்கள். கதை தப்பிவிடும், வசனம் போய்விடும்.

பேச்சு உங்கள் சொந்தப் பேச்சாக இருக்கட்டும். வேதாகம வார்த்தைகள் வாசிப்பில் வரும். விளக்கம் நாங்கள் கதைக்கிற தமிழில் வரவேண்டும். தொலைக்காட்சியில் கேட்ட தமிழ்நாட்டுப் பிரசங்கியாரின் குரலும் இழுப்பும் சுன்னாகத்துப் பிள்ளையின் வாயில் வரும்போது, முன்வரிசையில் இருப்பவர்கள் சிரிப்பை அடக்கப் பாடுபடுவது மேடையிலிருப்பவருக்கு மட்டும் தெரிவதில்லை.

11. ஞாயிறு காலை

பகுதியை நீங்களே வாசிப்பதானால் மெதுவாக வாசியுங்கள். இடத்தைச் சொன்னபின், பக்கம் புரட்டும் சத்தம் அடங்கும்வரை காத்திருங்கள். எரேமியாவைக் கண்டுபிடிக்கப் பலருக்கு நேரம் எடுக்கும்.

ஒவ்வொரு கருத்துக்கும் முன் வசன எண்ணைச் சொல்லுங்கள்: “ஏழாம் வசனத்தைப் பாருங்கள்.” கண் வேதாகமத்துக்குப் போகவேண்டும். முக்கிய வாக்கியத்தை முன்னுரையின் முடிவிலும் ஒவ்வொரு தலைப்பின் முடிவிலும் அதே சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கு மற்றது விளங்காவிட்டாலும் அது தங்கும். முடிக்கவேண்டிய இடத்தில் முடியுங்கள். “கடைசியாக” என்று ஒருதரம் சொன்னால் அது கடைசியாகவே இருக்கட்டும்.

12. தனிப் பிரசங்கத்திலிருந்து தொடருக்கு

நான்கு ஐந்து தனிப் பகுதிகளைப் பிரசங்கித்தபின் ஒரு சிறிய புத்தகத்தை எடுங்கள். யோனாவும் ரூத்தும் நான்கு நான்கு அதிகாரம். நான்கு வாரம் போதும். அடுத்தது பிலிப்பியர், எட்டு முதல் பத்து வாரம். ரோமர், வெளிப்படுத்தல் இரண்டையும் பிற்போடுங்கள். தொடரின் பயன், நீங்கள் தெரிந்தெடுக்காத பகுதிகளும் வந்து நிற்பதுதான். பிலிப்பியர் 4:13 ஐப் பிரசங்கிக்க விரும்புகிறவர், 4:2 இல் இரண்டு சகோதரிகளின் மனத்தாங்கலைப் பற்றியும் பேசியே தீரவேண்டும். சபைக்குள் ஒரு பிணக்கு இருக்கும் வாரத்தில் அது வந்தால், நீங்கள் தங்களைக் குறிவைத்துப் பேசினீர்கள் என்று யாரும் சொல்லமுடியாது. அட்டவணை முன்கூட்டியே ஒட்டியிருக்கிறதே.

திட்டமிடும்போது நாட்காட்டியைப் பக்கத்தில் வையுங்கள். பரிசுத்த வாரம், அறுவடைப் பண்டிகை, சபை ஆண்டுவிழா, விசேஷ கூட்டங்கள் எல்லாம் இடையில் வரும். மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் தொடர் அறுந்துவிடும்.

ஒரு கொப்பியில் திகதி, பகுதி, முக்கிய வாக்கியம், எடுத்த நிமிடம் ஆகியவற்றைப் பதியுங்கள். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது இரண்டு பேரிடம் கேளுங்கள், ஒருவர் பெரியவர், ஒருவர் மாணவர். “பிரசங்கம் எப்படி?” என்று கேட்டால் “நல்லா இருந்தது” என்பார்கள். “இன்றைக்கு என்ன கேட்டீர்கள்?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை உங்கள் வாக்கியத்துக்குப் பக்கத்தில், அவர்கள் சொன்னபடியே எழுதிவையுங்கள்.